சிறுபறை யார் கையில்?

2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 கைத்தொழில்களைப் பட்டியல் போட்டு, அவற்றைக் குடும்பத் தொழிலாகச் செய்து வருகிறவர்களுக்குப் பயிற்சியும் கடனும் தருவதாகச் சொன்னது. தச்சர், கொல்லர், குயவர், செருப்புத் தைப்பவர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் என்று நீளும் அந்தப் பட்டியலில், பொம்மையும் விளையாட்டுப் பொருளும் செய்கிறவரும் இருக்கிறார். தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பில் செருப்பும் சலவையும்தான் அதிகம் பேசப்பட்டன. பொம்மை பேச்சிலேயே வரவில்லை. பிள்ளைகள் விளையாடுகிற பொம்மையில் என்ன சாதி இருக்கப் போகிறது?

இருக்கிறது தோழர்களே. ஒரு விளையாட்டுப் பொருளைப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இதைச் செய்தது யார் கை? இதை வைத்து விளையாடுவது யார் கை? இந்த இரண்டு கேள்விகளோடு நம் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், ஒரே பொருள் ஒரு பிள்ளைக்கு விளையாட்டாகவும் இன்னொரு பிள்ளைக்கு விதியாகவும் கொடுக்கப்பட்டிருப்பது தெரியும். கையால் பொருள் செய்வதைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று இன்று எல்லாரும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்குள் போவதற்கு முன் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போவோம்.

தச்சர் வீட்டுப் பிள்ளையின் ஆசை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இரண்டு நெடும்பாட்டுகள் பத்துப்பாட்டில் உள்ளன. இரண்டிலும் பிள்ளைகள் உருட்டும் சிறுதேர் வருகிறது.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் வீட்டுக் காட்சி. முற்றத்தில் காய்கிற தானியத்தைக் கோழி கொத்த வருகிறது. வீட்டுப் பெண் காதில் கிடந்த கனத்த குழையைக் கழற்றிக் கோழியை விரட்ட எறிகிறாள். காலில் பொன்னணிந்த பிள்ளைகள் மூன்று சக்கரத் தேரை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். கீழே கிடக்கும் குழை தேருக்குத் தடையாகிறது. ஊரின் செல்வத்தைக் காட்ட இதைவிட அழகான காட்சி இல்லை என்று தமிழாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

பெரும்பாணாற்றுப்படையில் வருவது மருதநிலத்து வளமான வீடு. அங்கேயும் பிள்ளைகள் தேர் உருட்டுகிறார்கள். அந்தத் தேர் எப்படிப்பட்டது? தச்சர் வீட்டுப் பிள்ளைகளே பார்த்து ஆசைப்படும்படி செய்யப்பட்டது. உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியிடம் பால் குடித்துவிட்டுப் படுக்கையில் தூங்குகிறார்கள்.

புலவர் வேலைப்பாட்டைப் புகழவே அப்படிச் சொன்னார். ஆனால் அந்தப் புகழ்ச்சிக்குள்ளேயே உண்மை உட்கார்ந்திருக்கிறது. தேரைச் செதுக்கியது தச்சர் கை. அதைப் பார்த்து ஆசைப்பட்டு நிற்பது தச்சர் வீட்டுப் பிள்ளை. உருட்டுவது வேறு வீட்டுப் பிள்ளை. களைத்த பிள்ளைக்குப் பால் கொடுப்பது கூட இன்னொருத்தியின் உடல். அந்தச் செவிலியின் சொந்தப் பிள்ளை எங்கே இருந்தது, எதைக் குடித்தது என்று பாட்டு கேட்கவில்லை. நாம் கேட்கலாம்.

இது சாதி இறுகிப் போவதற்கு முந்தைய காலம் என்று சொல்வார்கள். இருக்கட்டும். பிறகு வரும் காலம் இதை எப்படி இறுக்கியது என்று பார்ப்போம்.

கடவுள் கையில் சிறுபறை

பிள்ளைத்தமிழ் நம் மொழிக்கே உரிய இலக்கியம். கடவுளையோ அரசனையோ குழந்தையாக வைத்துப் பத்துப் பருவங்களில் பாடுவது. கிடைக்கிறவற்றில் பழையது, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிறுமிகள் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைக்காதே என்று வேண்டுவது ஒன்று. சின்னப் பறையைக் கொட்டு என்று கெஞ்சுவது அடுத்தது. சின்னத் தேரை உருட்டு என்று கேட்பது மூன்றாவது.

நடுவில் இருக்கிறதே, அந்தச் சிறுபறையைக் கவனியுங்கள். மரச்சட்டம் வேண்டும், தோல் வேண்டும். தோலை உரிக்க வேண்டும், ஊற வைக்க வேண்டும், மயிர் நீக்க வேண்டும், இழுத்துக் கட்ட வேண்டும், நெருப்பில் காய்ச்ச வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன அதே சமூகம், அவர்கள் செய்த பொருளைக் குழந்தைக் கடவுளின் கையில் கொடுத்துக் கொட்டச் சொல்லிப் பாடியது. கடவுளின் கையில் இருந்தால் அது பருவம், மங்கலம். நம் தாத்தா தோளில் தொங்கினால் அது இழிவு. சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, ஊர்ச் சேதி சொல்ல அடி, கூலி கேட்காதே என்றது. அவர் அடிக்கும் ஒலியைக் கேட்டுத்தான் சாமி புறப்பட்டது. அவரோ கோயிலுக்கு வெளியே நின்றார்.

பறை தொடக்கத்திலிருந்தே இழிவாக இருந்ததா என்றால், இல்லை. பறையடிக்கும் குடியை மதிப்புள்ள நான்கு குடிகளில் ஒன்றாக எண்ணிய புறப்பாட்டு நம்மிடம் இருக்கிறது. இழிவு தோலில் பிறக்கவில்லை. மனிதரைப் பிரித்து வைத்தபோது அவர் கையிலிருந்த பொருளின் மேலும் அது பூசப்பட்டது. சாதி வேலையை மட்டும் பங்கு போடவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே தனித்தனிக் கூண்டில் அடைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது என்று பாபாசாகேப் அம்பேத்கர் 1936இல் எடுத்துக் காட்டினார். சிறுபறை அதற்குச் சின்ன, ஆனால் தெளிவான சாட்சி.

மண் தேரும் பொன் தேரும்

வடமொழியிலும் ஒரு பொம்மைத் தேர் உண்டு. சூத்திரகர் எழுதியதாகச் சொல்லப்படும் மிருச்சகடிகம். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அதை 'மண்ணியல் சிறுதேர்' என்ற பெயரில் தமிழாக்கினார். செல்வம் இழந்த சாருதத்தனின் மகன் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொன் தேரில் விளையாடிப் பழகியவன். அது போனதும் பணிப்பெண் மண்ணால் ஒரு தேர் செய்து கொடுக்கிறாள். அவன் அழுகிறான். அதைப் பார்த்த வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி மண் தேரில் நிரப்பி, பொன் தேர் வாங்கிக்கொள் என்கிறாள். பின்னால் அந்த நகைகளே சாருதத்தன்மேல் கொலைப்பழிக்குச் சான்றாகின்றன.

ஏழைப் பிள்ளையின் பொம்மையை நாடகத்தின் தலைப்பாகவே வைத்த மனம் பெரிய மனம்தான். ஆனால் அந்தப் பிள்ளை ஏழையான பார்ப்பனப் பிள்ளை. கடைசி அங்கத்தில் சாருதத்தனைக் கொலைக்களத்துக்கு நடத்திச் செல்கிறவர்கள் இரண்டு சண்டாளர்கள். பிறப்பால் யாரும் இழிந்தவரில்லை, நல்லவரை வதைக்கிறவரே இழிந்தவர் என்ற கருத்து அவர்கள் பேச்சிலேயே வருகிறது. அவ்வளவு தூரம் போன நாடகத்திலும் அந்த இருவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இடமில்லை. அவர்களுக்கு மண் தேராவது இருந்ததா என்று நமக்குச் சொல்லப்படவில்லை.

எழுதப்பட்ட இலக்கியத்தில் சேரிப் பிள்ளையின் பொம்மை இல்லை என்பதால் அது இல்லாமல் போய்விடவில்லை. கீழடியில் யானைத் தந்தத்தால் செய்த பகடையும் கிடைத்தது, உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் கிடைத்தன. இருப்பவர் தந்தத்தில் விளையாடினார். இல்லாதவர் உடைந்த பானையில் விளையாட்டை உண்டாக்கினார். அந்தச் சில்லு நேற்று வரைக்கும் நம் தெருக்களில் பாண்டி ஆடிக்கொண்டுதான் இருந்தது.

சேரியின் பட்டறை

நம் தெருக்களில் பிள்ளைகள் என்னவெல்லாம் செய்தார்கள் என்று எழுதி வைப்பதே ஒரு வரலாற்று வேலை.

நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் இரண்டு பனங்காய்க் கூடுகள். நடுவில் ஒரு குச்சி அச்சு. நுனியில் கவை உள்ள நீண்ட கழியை அந்த அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் வண்டி. பனையோலைக் கீற்றை மடித்து நடுவில் கருவேல முள் குத்தி, காற்றுக்கு எதிராகப் பிடித்து ஓடினால் காற்றாடி. அதே ஓலையைப் பின்னி உள்ளே நாலு கூழாங்கல் போட்டால் கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை. பூவரசு இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கினால் பீப்பீ. சோளத்தட்டையின் பட்டையை உரித்து, உள்ளே இருக்கும் நெட்டில் செருகினால் மாட்டு வண்டி. குளத்துக் களிமண்ணில் அடுப்பு, சட்டி, மாடு, சாமி. இரண்டு காலித் தீப்பெட்டியும் ஒரு நூலும் இருந்தால் தொலைபேசி.

அப்புறம் செருப்பு. தேய்ந்து போன ரப்பர் செருப்பின் அடியை வட்டமாக வெட்டினால் நல்ல சக்கரம் கிடைக்கும். தேங்காய் மூடியால் அழுத்தி வட்டம் எடுத்து, அப்பாவின் சவரப் பிளேடால் அறுத்து, நடுவில் கம்பி கோத்து, ஒரு குச்சியின் முனையில் பொருத்தி உருட்டுவது. தமிழ்நாட்டில் ஐம்பது வயது கடந்த கிராமத்துக்காரர் யாரைக் கேட்டாலும் இந்த வண்டி தெரியும்.

இந்த இடத்தில் நிற்க வேண்டும். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல கிராமங்களில் நம் மக்கள்மேல் இருந்தது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இல் வந்த பிறகும் இருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்த பிறகும் சில இடங்களில் இருந்தது. அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய தெருவில், அதே செருப்பின் அடியிலிருந்து அறுத்த சக்கரத்தைப் பிள்ளை உருட்டிக்கொண்டு ஓடியது. அந்தப் பிள்ளைக்கு அப்போது எந்தத் தத்துவமும் தெரியாது. எந்தப் பொருளும் இழிந்ததில்லை என்பது மட்டும் அதன் கைக்குத் தெரிந்திருந்தது.

இந்த வண்டிகளில் அச்சு, உராய்வு, சமநிலை, காற்றின் விசை எல்லாம் இருக்கின்றன. பள்ளிக்கூடம் இதை அறிவு என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஊர் சுற்றுகிற பிள்ளை என்று சொல்லி அடித்தது. இதே பொருள்களை வேறு நாட்டிலிருந்து வேறு பெயரில் கொண்டு வந்தபோது மட்டும் கல்வி என்று ஏற்றுக்கொண்டது.

பஞ்சமப் பள்ளியில் கிண்டர்கார்டன்

ஜெர்மனியில் பிரடெரிக் ஃபுரோபெல் 1837இல் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். பிள்ளைகள் கையில் அவர் கொடுத்த பொருள்களுக்கு 'பரிசுகள்' என்று பெயர். முதல் பரிசு நூலால் பின்னிய பந்து. அடுத்தது மரத்தில் செய்த உருண்டை, உருளை, கனசதுரம். கூடவே காகிதம் மடித்தல், பின்னுதல், களிமண் பிசைதல். பிள்ளை கையால் யோசிக்கிறது என்பதே அவர் கண்டது.

அந்த முறை சென்னையில் தலித் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு மிகச் சீக்கிரமே வந்து சேர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. கர்னல் ஆல்காட் 1894இல் அடையாறு ஊரூர்ப் பக்கத்தில் பஞ்சமப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பிறகு நகரின் வேறு பகுதிகளிலும் சில பள்ளிகள் வந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியைகள் அங்கே கிண்டர்கார்டன் முறையில் கற்பித்தார்கள். சென்னையின் பெரிய வீட்டுப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலத்தில், சேரிப் பிள்ளைகள் கையால் செய்து கற்றார்கள்.

அது அப்படியே வளர்ந்ததா? 1909இல் அன்னி பெசன்ட் 'இந்தியன் ரிவியூ' இதழில் எழுதிய கட்டுரையில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைக்கக் கூடாது என்று வாதிட்டார். சுத்தம், உணவு, நடத்தை என்று காரணம் அடுக்கினார். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்ட நூலில் அம்பேத்கர் அந்த வாதத்தை எடுத்து வைத்திருக்கிறார். ஆக, நம் பிள்ளைக்குக் களிமண்ணும் பந்தும் கொடுக்கலாம். ஆனால் அதே களிமண்ணை மேல்சாதிப் பிள்ளையோடு சேர்ந்து பிசையக் கூடாது.

முப்பது ஆண்டு கழித்து, 1939 நவம்பரில், மரியா மாண்டிசோரி அதே அடையாறுக்கு வந்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் 1907இல் தன் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் தொடங்கியது ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில். அங்கே கூலிக்காரர் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, இங்கே வந்து வசதியுள்ளவர்களின் கட்டணப் பள்ளியானது. மாண்டிசோரி முறையில் பிள்ளை துடைப்பம் பிடித்துக் கூட்டும், தண்ணீர் ஊற்றும், செருப்புக்கு மெருகு போடும். அதற்குப் பெயர் வாழ்க்கைப் பயிற்சி. பெற்றோர் பணம் கட்டி இதைக் கற்றுக் கொடுக்கிறார்கள். இன்னொரு பக்கம், அரசுப் பள்ளியில் தலித் பிள்ளையை மட்டும் தேர்ந்து கழிவறை கழுவ வைத்த செய்திகள் இன்றும் வந்துகொண்டே இருக்கின்றன. துடைப்பம் ஒன்றுதான். அங்கே எல்லாப் பிள்ளையும் முறை வைத்துப் பிடிக்கிறது. இங்கே பிறப்பைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது.

ராட்டையிலிருந்து குலக்கல்விக்கு

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு காந்தியின் ஆதாரக் கல்வியை முன்வைத்தது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு பாடத்திட்டம் வகுத்தது. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து எல்லாப் பாடத்தையும் அதன் வழியே கற்பிப்பது. பிள்ளைகள் செய்கிற பொருளின் வருமானம் பள்ளிச் செலவுக்கு உதவ வேண்டும் என்பது காந்தியின் விருப்பம். எல்லாப் பிள்ளையும் நூல் நூற்கட்டும் என்பதில் ஒரு சமத்துவம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பொருளுக்கு விலை வைத்த உடனே விளையாட்டு வேலையாகிவிடுகிறது. எந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த வேலையிலிருந்து வெளியே போக வழி இருக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளைக்கு இல்லை என்ற கேள்வியும் வந்துவிடுகிறது.

அந்தக் கேள்வியை ராஜாஜி 1953இல் தானே வெட்டவெளிச்சமாக்கினார். அவர் முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய கல்வித் திட்டம் வந்தது. பள்ளி நாளுக்கு மூன்று மணி நேரம். மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளிக்கட்டடமும் ஆசிரியரும் பற்றாத நாட்டில் இரண்டு முறை வைத்து அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று காரணம் சொன்னார்கள். பெரியார் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

பெற்றோருக்குக் கைத்தொழில் இல்லாவிட்டால், ஊரிலுள்ள வேறு கைவினைஞரிடம் போய்க் கற்கட்டும் என்றும் சொன்னார்கள். 1953ஆம் ஆண்டின் ஒரு கிராமத்தை நினைத்துப் பாருங்கள். எந்தத் தச்சுப் பட்டறைக்குள் சேரிப் பிள்ளையை உட்கார வைத்து உளி கொடுத்திருப்பார்கள்? எந்தத் தறிக்குழியில் இறக்கியிருப்பார்கள்? நம் பிள்ளைக்கு மிஞ்சுவது அப்பா செய்த வேலைதான். பண்ணை வேலை, செத்த மாடு தூக்குவது, வெட்டியான் வேலை, மலம் அள்ளுவது. அரசே நேரம் ஒதுக்கிக் கொடுத்து இந்த வேலைகளுக்குப் பிள்ளையை அனுப்பி வைத்திருக்கும்.

போராட்டம் வெடித்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதலமைச்சரானதும் மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. நம் வீடுகளில் முதல் தலைமுறையாகப் பள்ளி முடித்தவர்கள் பலர் அந்த ஒரு முடிவுக்குக் கடன்பட்டவர்கள்.

ஒரே தீப்பெட்டி

திட்டம் போனது. ஆனால் பெற்றோர் தொழிலில் பிள்ளையைச் சேர்க்கும் கதவு வேறு பக்கத்தில் திறந்தே இருந்தது.

சிவகாசியில் 1920களில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், வானம் பார்த்த கிராமங்களின் ஏழைக் குடும்பங்களை நம்பி வளர்ந்தது. அந்தக் குடும்பங்களில் தலித்துகள் உண்டு, பிற்படுத்தப்பட்டவர்கள் உண்டு. விடிவதற்குள் பேருந்தில் ஏற்றிப் போகப்பட்ட பிள்ளைகள் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள், படம் ஒட்டினார்கள். மேலே சொன்ன தீப்பெட்டித் தொலைபேசியை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை நூல் கோத்துப் பேசி விளையாடிய பெட்டியை இன்னொரு பிள்ளை கூலிக்கு ஒட்டியது.

1970களில் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் அறிவியல் திட்டத்தில் வேலை செய்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ரப்பரையும் வைத்து வடிவகணிதம் சொல்லிக் கொடுக்கும் வழியைக் கண்டார். முக்கோணம் ஆடாது, சதுரம் ஆடும் என்று பிள்ளை தொட்டுத் தெரிந்துகொள்ளும். காசில்லாத பள்ளிக்கு அது பெரிய கொடை. குச்சியில் குறையில்லை. அந்தக் குச்சியை அடுக்கிய பிள்ளைக்கு அதை வைத்து முக்கோணம் செய்ய நேரம் தரப்படவில்லை என்பதே குறை.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு அந்தத் தடை பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். தீப்பெட்டிப் பிள்ளைகள் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழ் எல்லா வேலையையும் தடை செய்தது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்ற விலக்கு அதிலும் இருக்கிறது. அபாயமான வேலை கூடாதாம், அவ்வளவுதான். பள்ளி விட்டதும் பெற்றோர் தொழில். 1953 இதைத்தானே சொன்னது?

மீட்கப்பட்ட பிள்ளைகள் காட்டிய வழி

கையால் கற்பதை நாம் எதிர்க்கவில்லை. சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு.

வேலூர் மாவட்டத்தில் கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடத்தப்பட்டன. வேலை செய்து கை காய்த்த பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்து ஒப்பிக்கச் சொன்னால் நிற்க மாட்டார்கள். அட்டை, படம், மணி, பொருள் என்று கையில் கொடுத்தபோது கற்றார்கள். அந்த அனுபவத்தோடு ரிஷி வேலி பள்ளியின் முறையும் சேர்ந்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. 2007இல் மாநிலம் முழுவதும் செயல்வழிக் கற்றலாகப் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. அந்த முறைமேல் குறைகள் சொல்லப்பட்டன, பிறகு அது மாறவும் செய்தது. ஆனால் ஒன்று நடந்தது. அட்டையை எடுக்கும்போது எந்தத் தெருப் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. பெசன்ட் கூடாது என்று சொன்ன காட்சி, அடிமைத் தளையிலிருந்து வந்த பிள்ளைகளின் முறையால் அரசுப் பள்ளிகளில் நடந்தது.

பட்டியலும் வயதும்

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருவோம். விஸ்வகர்மா திட்டத்தில் சேரக் குறைந்தபட்ச வயது 18. பள்ளியை முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கும் வயது. அந்த வயதில் குடும்பத் தொழிலுக்குக் கடன் தருகிறேன் வா என்று அழைப்பது எந்தப் பக்கம் திருப்பிவிடும் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கு, வயதை 35 ஆக்கு என்று கேட்டது. ஏற்கப்படாததால், இப்போதுள்ள வடிவில் திட்டத்தைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் எழுதியது. பிறகு சாதி, குடும்பம் பார்க்காமல் 35 வயது கடந்தவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டு வந்தது. வயதில் இருக்கும் அந்த 17 ஆண்டு வேறுபாடு சின்ன விசயமில்லை. ஒரு தலைமுறை படித்து வெளியேறுவதற்கான இடைவெளி அது.

2020 தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தச்சு, மின்வேலை, உலோகவேலை, தோட்டம், மண்பாண்டம் என்று கைவினைகளை முன்வைக்கிறது. பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் உள்ளூர்க் கைவினைஞரிடம் போகச் சொல்கிறது. ஐஐடிக்குப் போகப் போகும் பிள்ளைக்கு அது சுற்றுலா. பீஸ் கட்ட முடியாத பிள்ளைக்கு அது முன்னோட்டம். எந்தப் பிள்ளைக்கு எது என்பதைப் பிறப்புத் தீர்மானிக்காமல் இருக்க அந்தக் கொள்கையில் என்ன காப்பு இருக்கிறது என்று நாம் விடாமல் கேட்க வேண்டும்.

காஞ்ச அய்லய்யா பிள்ளைகளுக்காக 2007இல் ஒரு புத்தகம் எழுதினார். துர்காபாய் வியாம் ஓவியம் வரைந்தார். தோல் பதனிடுகிறவர், மண்பாண்டம் வனைகிறவர், நெய்கிறவர், துணி வெளுக்கிறவர், முடி வெட்டுகிறவர் ஒவ்வொருவரும் இந்த நாட்டுக்குக் கொடுத்த அறிவு என்ன என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லும் புத்தகம் அது. வேலையை மதிக்கச் சொல்கிறது. பிறந்த வேலையிலேயே இரு என்று சொல்லவில்லை. இந்த வேறுபாடுதான் நமக்கு வேண்டியது.

ஆகவே நம் கோரிக்கை எளியது. அங்கன்வாடியிலும் தொடக்கப் பள்ளியிலும் கைவினை வரட்டும். களிமண், ஓலை, நூல், கம்பி, ரப்பர், தோல் எல்லாம் வரட்டும். எல்லாம் எல்லாப் பிள்ளையின் கைக்கும் வர வேண்டும். உன் அப்பா என்ன வேலை என்று கேட்டுவிட்டுப் பொருளைக் கொடுக்கக் கூடாது. துடைப்பத்துக்கு முறை வைத்தால் ஆசிரியர் பிள்ளைக்கும் ஊராட்சித் தலைவர் பிள்ளைக்கும் சேர்த்து வைக்க வேண்டும். பிள்ளை செய்த பொருளுக்கு விலை வைக்கக் கூடாது. 2016 சட்டத்தின் குடும்பத் தொழில் விலக்கு நீக்கப்பட வேண்டும். நுங்கு வண்டியையும் செருப்புச் சக்கரத்தையும் பாடப்புத்தகம் அறிவியலாக எழுத வேண்டும், யார் செய்தார்கள் என்பதோடு சேர்த்து.

சிறுபறையும் பள்ளிக்கு வரட்டும். அதைக் காய்ச்சிக் கொடுக்கத் தெரிந்தவர் வகுப்பறைக்கு ஆசிரியராக வரட்டும், சம்பளத்தோடும் நாற்காலியோடும். அவர் பேத்தி அடிக்க விரும்பினால் அடிக்கட்டும், வேண்டாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து தீக்குச்சியில் முக்கோணம் செய்யட்டும். ஊர்த்தெருப் பிள்ளைகள் அந்தத் தோலைத் தொட்டுக் கற்கட்டும்.

ஜெய் பீம்.